தேன் வேண்டுமா, கத்தரிக்காய் வேண்டுமா? அடுக்குமாடிக்கு ஏற்ற தேனீ எது?

கூடு வைக்க இடம் இருக்கிறதா, பூ எட்டும் தொலைவில் இருக்கிறதா: காடழித்து வீடு கட்டிய சிங்கப்பூர்த் தீவில் தேனீயின் பிழைப்பு இந்த இரண்டில்தான் நிற்கிறது.

மலைத்தேனீக்கு உயர்ந்த மரம் போனால் புளோக்கின் மேல்மாடி விளிம்பு. ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். நிலவொளியில் மேயும் பழக்கமுள்ளது என்பதால் இரவில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்தில் கூடு இருந்தால் இருட்டுமுன் சன்னலைச் சாத்துங்கள். ஒன்றை நசுக்கினால் கொடுக்கிலிருந்து கிளம்பும் வாடை மற்றவற்றையும் கூட்டி வரும். தோட்டத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஊரில் பெட்டியில் வளர்க்கிறார்களே, அந்தப் பொந்துத்தேனீ இங்கே மீட்டர் பெட்டி, பொய்க்கூரை, கவிழ்த்த பூந்தொட்டி என்று புகுந்துகொள்கிறது. அடையில்லாமல் கிளையில் கொத்தாகத் தொங்கினால் அது இடம் தேடும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும். அடை கட்டிவிட்டால் ஆள் வைத்து எடுக்க வேண்டியதுதான். மருந்தடித்துக் கொன்றுவிட்டு அடையை உள்ளேயே விடுவதுதான் வழக்கமான தவறு. தேன் வழிந்து எறும்பு மொய்க்கும். மெழுகு வாடைக்கு அடுத்த கூட்டமும் அங்கேயே வரும். அடையைச் சுரண்டி எடுத்து, கழுவி, ஓட்டையை 3 மி.மீ. கம்பிவலையால் அடையுங்கள். வளர்க்கும் ஆசை இருந்தால் ஒன்று: எறும்பு, மெழுகுப்பூச்சி, பூப்பஞ்சம், எது வந்தாலும் இது பெட்டியைக் காலி செய்துவிடும்.

மலாயில் கெலுலுட் எனப்படும் கொசுத்தேனீ கொட்டாது. சுவர் விரிசலே போதும். வாசலில் பிசினால் குழாய் கட்டிக்கொள்ளும். ஆனால் தூரம் பறக்காது. சில நூறு மீட்டருக்குள் பூ வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் நடுவே பெட்டி வைத்தால் பட்டினிதான். பெட்டியைச் சில மீட்டர் தள்ளி வைத்தாலும் மேயப்போனவை பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும். திறக்கும்போது தேன்பானை உடைந்தால் சிற்றீக்கள் முட்டையிட்டு, சில நாளில் கூடு முழுக்கப் புழு. பிற்பகல் வெயில் படாத இடமாகப் பாருங்கள்.

சமூகத் தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் போடுகிறவர்கள் பெட்டி கேட்பதுதான் வேடிக்கை. அவற்றின் மகரந்தம் நுனித்துளையுள்ள பைக்குள் இருக்கிறது, உப்பு டப்பா மாதிரி. உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும் வித்தை மேலே சொன்ன மூன்றுக்கும் தெரியாது. தச்சுத்தேனீக்கும் நீலவரித்தேனீக்கும் தெரியும். தனித்து வாழ்பவை, வம்புக்கு வராதவை. ஆனால் பட்ட கிளையை வெட்டினால் முன்னதுக்கு வீடில்லை. மண்ணுக்கெல்லாம் ஓடு பாவினால் பின்னதுக்கு இல்லை.

எனவே ஒரு முனை கணுவால் மூடிய மூங்கில் துண்டுகளை மழை படாத இடத்தில் படுக்கையாகக் கட்டுங்கள். உள்விட்டம் கட்டைவிரல் நுழையும் அளவு இருக்கட்டும். ஓரடி மண்ணையாவது வெறுமனே விடுங்கள். அருகில் ஒரு செண்டுடுக் (ஊதாப்பூ பூக்கும் புதர்ச்செடி) நடலாம். அதன் பூவிலும் இதே அதிர்வு வேலைதான். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் தேனீக்கள் அடங்கிய பிறகு, பொழுது சாய்ந்து.