ஃபெரைட் வளையமா, ரொகோவ்ஸ்கியா: மோட்டர் கரண்டை அளக்க எது?

நிலாவெளிப் பக்கம் கிணற்று மோட்டருக்குக் கரண்ட் சென்சரைக் கையால் சுற்ற நினைப்பவர்களுக்கு. இரண்டுமே மோட்டர் வயரைச் சூழ மாட்டும் கொயில்கள்: ஒன்று ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் சுற்றியது, ரொகோவ்ஸ்கி காந்தப்பொருளே இல்லாத வளையும் குழாயில் சுற்றியது.

சிக்னல்
ஃபெரைட்: 1000 சுற்று, 100 ஓம் தடை. 10 அம்பியருக்கு 1 வோல்ட்.
ரொகோவ்ஸ்கி: 5 மிமீ பிளாஸ்டிக் குழாயில் 30 செமீக்கு 600 சுற்று. அதே 10 அம்பியருக்கு 0.15 மில்லிவோல்ட்தான், ஆப்-ஆம்ப் இன்டகிரேட்டர் (சிக்னலைப் பெருக்கிக் கரண்டின் வடிவத்துக்கு மீட்கும் சர்க்யூட்) இல்லாமல் ஒன்றும் நடக்காது. வயர் நுனியைக் குழாய்க்குள்ளால் தொடக்கத்துக்கே திருப்பாவிட்டால் பக்கத்து வயரின் புலமும் சேர்ந்துவிடும்.

செலவு
இரண்டுமே மலிவு. ஆனால் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள்-வெள்ளை வளையத்தை எடுக்காதீர்கள். அது இரும்புத்தூள், அளவு பிழையாக வரும்.

உழைப்பு
திறந்து மூடும் ஃபெரைட்டில் உப்புக்காற்று அழுக்கு முகப்பில் படிந்தால் இடைவெளி விழுந்து அளவு குறையும். ரொகோவ்ஸ்கிக்கு அந்தத் தொல்லையில்லை, வார்னிஷ் போதும்.

ஆபத்து
ஃபெரைட்டின் தடை கழன்றால் முனைகளில் பெரிய வோல்டேஜ் எழும். தடையைக் கொயிலிலேயே சோல்டர் பண்ணுங்கள்.

தினசரி மோட்டர் ஓட்டத்துக்கு ஃபெரைட். ஸ்டார்ட் பாய்ச்சலையோ வெல்டிங் கரண்டையோ அளக்க ரொகோவ்ஸ்கி, அதில் காந்தப்பொருள் இல்லாததால் பெரிய கரண்டிலும் காந்த நிறைவு (அதற்கு மேல் அளவு ஏறாத நிலை) வராது. எதுவானாலும் பிரேக்கரை அணைத்துவிட்டு, லைவ் வயரில் மட்டும் போடுங்கள். நியூட்ரலும் சேர்ந்தால் பூச்சியம்தான் காட்டும்.