சுரங்க ரயில் பாதையில் டீசல் பணி எஞ்சின்: ஜோகன்னஸ்பர்க்கில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சுரங்க ரயில் பாதைப் பராமரிப்புக்கான டீசல் எஞ்சின்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனிலிருந்தே தொடங்குகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பல ஆண்டுகளாக அத்தகைய எஞ்சின் ஒன்றைப் பராமரித்தும், இரவுப் பணிக்குழுவோடு அதில் சென்றும் வருகிறேன். சுரங்கத்துக்குள் வேலை முடியும்வரை அது நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மின்சார ரயில் ஓடும் பாதைக்கு டீசல் எதற்கு என்று லெனேசியாவில் உள்ள உறவினர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. ஜோகன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் இணைக்கும் எங்கள் விரைவு ரயிலான கௌட்ரெயினின் மேல்நிலைக் கம்பியில் 25 கிலோவோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதனருகே ஆள் ஏறி வேலை செய்ய வேண்டுமானால், மின்சாரத்தைத் துண்டித்துக் கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகே அனுமதி கிடைக்கும். அந்த நேரத்தில் தண்டவாளத்துண்டுகளையும் கேபிள் உருளைகளையும் ஏற்றிய வண்டிகளை இழுக்கத் தன் சக்தியில் ஓடும் எஞ்சின் வேண்டும். இன்னொரு காரணம் இந்த நாட்டுக்கே உரியது. தென்னாப்பிரிக்காவின் பொது ரயில் பாதை 1067 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. கௌட்ரெயின் பாதையோ 1435 மில்லிமீட்டர். ஆகவே, நடுவழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால், பக்கத்துப் பாதையிலிருந்து எஞ்சினை இரவல் வாங்கிவர வழியில்லை.

பார்க் நிலையத்திலிருந்து மார்ல்பரோ பக்கம் வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சுரங்கம். அதற்குள் எஞ்சினை நிறுத்தி வேலை செய்யும்போது புகைதான் பெரிய சிக்கல். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் சேர்த்துவிட்டது. எனவே, புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடித்துவைக்கும் கரிவடிகட்டி இல்லாத எஞ்சினைச் சுரங்கத்துக்குள் விடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால், வடிகட்டியைப் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று விற்பனையாளர்கள் சொல்வது உண்மையல்ல. வினையூக்கி இல்லாத வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சாம்பலாவதற்கு 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பணி எஞ்சினோ இரவில் பெரும்பகுதி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும், மீதி நேரம் நடைவேகத்தில் ஊரும். புகைபோக்கி அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கரி அடைத்துக்கொள்ள, வெளியேற முடியாத புகை எஞ்சினை நோக்கித் தரும் பின்னழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல மேலேறும். ஒரு கட்டத்தில் எஞ்சின் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் எஞ்சினில் இது நடந்தபோது வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம். தேன்கூடு போன்ற துளைகள் ஒரு பக்கத்தில் முழுவதும் கறுப்பாக அடைபட்டிருந்தன; விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசையோடு ஒட்டியது. அதன்பின், வாரம் ஒருமுறை திறந்தவெளிப் பாதையில் பளுவோடு நன்றாக ஓடவிட்டுக் கரியை எரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். வேலையிடத்தில் கால் மணிக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். விளக்குக்கும் கருவிகளுக்கும் மின்கலம் போதுமானதாக இருக்கிறது.

எங்கள் குழுவின் மூத்த ஓட்டுநர், நேட்டால் ரயில்வேயில் உழைத்த ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர். "தம்பி, முள்ளைப் பாக்குறதுக்கு முன்னாடி புகையைப் பாரு" என்பார். அவர் கண் தப்பியதில்லை.

உயரத்தின் பாதிப்பையும் இங்கே வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருப்பதால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஏட்டில் காட்டிய திறனை இங்கே தராது. காற்று போதாமல் எரிபொருள் அரைகுறையாக எரிவதால் புகையும் கூடும். பிரேக்குக்கான காற்றுத் தொட்டி நிரம்பவும் அதிக நேரமாகும். காலையில் முதல் பயணிகள் வண்டிக்கு முன் பாதையைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் அந்தத் தாமதம் உறுத்தும்.

நிறைகளையும் சொல்ல வேண்டும். எங்கள் எஞ்சினின் ஹைட்ராலிக் இயக்கம் மிக மெதுவாக, குலுக்கல் இல்லாமல் ஊர்கிறது; கேபிளை இழுத்துக் கட்டும் வேலையில் அதைவிட உதவியான குணம் வேறில்லை. ஈரமான தண்டவாளத்தில் மணல் தூவும் கருவி ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. மின்வெட்டுக் காலங்களில் அது தடையின்றி ஓடியதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

லண்டன் சுரங்க ரயிலில் மின்கல எஞ்சின்களே நெடுங்காலமாகப் பராமரிப்பு வண்டிகளை இழுக்கின்றன; நம் தங்கச் சுரங்கங்களுக்கும் மின்கல எஞ்சின் புதிதன்று. சுரங்கத்துக்குள் நிற்கும் வேலைக்கு அதுவே சரி என்பது என் முடிவு. தொலைவிலிருந்து பெரும்பளு இழுக்கவும், நின்றுபோன வண்டியை மீட்கவும் டீசல் இருக்கட்டும். அப்படி ஒன்றை வாங்குவோர், கடல்மட்டத் தொழிற்சாலையில் எடுத்த சோதனை அறிக்கையை ஏற்க வேண்டாம். இந்த உயரத்திலேயே ஓர் இரவு முழுவதும் சும்மா ஓடவிட்டு, விடியற்காலையில் முழுப்பளுவோடு ஏற்றத்தில் இழுக்கச் சொல்லி, வடிகட்டியின் பின்னழுத்தத்தை அளந்த பிறகே கையெழுத்திடுங்கள்.