நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரை: ஓர் அக்காவின் மதிப்புரை

ஓபியாய்டு வகை (அபினைப் போல வேலை செய்யும்) வலி நிவாரணிகளுக்கோ ஹெராயினுக்கோ அடிமையானவர்களுக்கு மருத்துவர்கள் தரும் பியூப்ரெனார்பின், நலோக்சோன் கூட்டு மாத்திரையைப் பற்றியது இந்த மதிப்புரை. எடுத்துக்கொள்பவன் என் தம்பி. கணக்குப் பார்த்துக் கொடுப்பவளும் பெட்டியைப் பூட்டி வைப்பவளும் நான். இந்த மருந்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குறைகளும் கண்ணில் படாமல் இல்லை.

காலில் அறுவைச் சிகிச்சை செய்தபோது எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில்தான் அவனுக்கு எல்லாம் தொடங்கியது. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. முதலில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். உடலிலிருந்து போதையை அறவே வெளியேற்றிவிடுவோம் என்றார்கள். மாற்று மருந்து எதுவும் தரவில்லை. ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், சிலிர்த்து நிற்கும் தோல், வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி, இரவு முழுவதும் உதைத்துக்கொண்டே இருந்த கால்கள். ஹெராயின் போன்று விரைவில் வேலை செய்து அடங்கும் பொருளாக இருந்தால் இந்த அவதி நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, 4 முதல் 10 நாட்கள் வரை நீடிக்கும். அது அடங்கியதும், ‘குணமாகிவிட்டான், அழைத்துப் போங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஒருவரும் எங்களிடம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. நிறுத்திய பிறகு உடலின் தாங்குதிறன் வேகமாகக் குறைந்துவிடும். ஏக்கம் அப்படிக் குறையாது. முன்பு பழகிப்போயிருந்த அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். தம்பிக்கு நடந்தது அதுதான். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை ஆம்புலன்ஸில் வந்தவர்கள், ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனை மூக்கில் செலுத்தி மீட்டார்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடும், மூச்சு மறுபடியும் அடங்கலாம் என்பதால் கண் விழித்த பின்னும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தார்கள். இந்த மாத்திரை எங்களுக்கு அறிமுகமானது அந்த மருத்துவமனையில்தான்.

மூளையில் ஓபியாய்டு சென்று அமரும் இருக்கைகளில், ஏற்கெனவே அமர்ந்திருப்பதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது பியூப்ரெனார்பின். ஆனால் முழு வேலையும் செய்வதில்லை. உடல் அவதியும் ஏக்கமும் தணியும் அளவுக்கு மட்டுமே செய்கிறது. ஓர் எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் தன்மை அதே வேகத்தில் கூடுவதில்லை. உடன் சேர்ந்துள்ள நலோக்சோன் காவலுக்கு இருக்கிறது. நாக்கின் அடியில் கரையும்போது அது உடலில் அதிகம் சேராது. யாராவது மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் போதைக்குத் தடையாக நின்று, பொருளை நிறுத்தும்போது வருகிற அந்த விலகல் அவதியை வரவழைக்கும்.

முதல் வேளைதான் கடினம். விலகல் அறிகுறிகள் நன்றாகத் தென்படும்வரை காத்திருக்க வேண்டும். உடலில் பழைய பொருள் நிறைந்திருக்கும்போது கொடுத்தால் அதை ஒரேயடியாக விரட்டி, அத்தனை அவதியையும் சில நிமிடங்களில் மொத்தமாகக் கொண்டுவந்துவிடும். நர்ஸ் அவனுடைய கண்பாவையின் அகலத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தார். ‘இன்னும் பொறுங்கள் தம்பி’ என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆனாலும் அந்தப் பொறுமைக்காக அவருக்கு என்றும் நன்றி சொல்வேன். மாத்திரை கரைந்து, கால்கள் மெல்ல அடங்கி, அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பிறகு ஒருநாள், “அக்கா, இன்று காலையில் எழுந்ததும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை” என்றான். மருந்தின் தரத்தைப் பற்றி இதைவிடப் பெரிய சான்றை என்னால் தர முடியாது.

இனி, குறைகள். கசப்பு அதிகம். முழுவதும் கரைய 5 முதல் 10 நிமிடங்கள் ஆகும். அதுவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். மலச்சிக்கலும் வியர்வையும் தொல்லை தருகின்றன. பற்கள் சிதைவதாக வந்த புகார்களையடுத்து 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது கழித்தே பல் துலக்க வேண்டும். எங்களுக்கு இதைச் சொன்னவர் பல் மருத்துவர். மருந்து கொடுத்தவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மது, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம் வகை மாத்திரைகள் ஆகியவற்றோடு இது சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. முன்பே சொன்ன எல்லை அப்போது காப்பாற்றாது. அதேசமயம், அந்த மாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர்கள் பயந்துபோய் ஒரேநாளில் நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லச் சொல்லப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பியூப்ரெனார்பின் மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் அவ்வளவு முக்கியம். பெரியவர் ஒருவரின் ஒரு வேளை மாத்திரை சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது.

‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. உடல் இந்த மருந்துக்குப் பழகியிருப்பது உண்மைதான். திடீரென நிறுத்தினால் அவதி வரும். ஆனால் அவன் இப்போது பொய் சொல்வதில்லை, திருடுவதில்லை, வேலைக்குப் போகிறான். உலகச் சுகாதார அமைப்பு 2005இலேயே பியூப்ரெனார்பினை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. எப்போது நிறுத்துவது என்பதை அவனும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதற்காக அவசரப்படுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

மருந்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அதை வழங்கும் மையத்துக்கு இரண்டுதான். வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாத நேரத்தில் மட்டும் திறந்து வைக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களை எல்லோர் காதிலும் விழும்படி பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நலோக்சோன் தெளிப்பானை வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டாலொழிய அவர்களாகத் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள், வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதைப் பயன்படுத்தக் காட்டித் தரச் சொல்லுங்கள்.