"ஃபிரிட்ஜ்ல கேஸ் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள்

நேற்று மாலைதான் முழு விஷயமும் தெரிந்தது. இன்னும் கை நடுங்குகிறது, அதோடுதான் எழுதுகிறேன். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. ஃபிரிட்ஜில் செய்யவே செய்யாத ஒரு வேலைக்கு அதைக் கையில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் மக்கர் செய்தால் முதலில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது இரண்டு கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், அதாவது பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகை. மேலே ஃப்ரீஸர், கீழே சாதாரண அறை. திடீரென்று ஒருநாள் கீழ் அறை குளிரவில்லை. பால் திரிந்துவிட்டது. ஆனால் மேலே ஐஸ் கட்டிகள் கல் மாதிரி அப்படியே இருந்தன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். அம்மாவின் இன்சுலின் கீழ் அறையில்தான் இருக்கும். அதனால் பதற்றத்தில், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பழுது பார்க்கும் ஒரு செயலியில் உடனே பதிவு செய்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. எல்லோர் போனிலும் இருக்கிற மாதிரி ஒன்றுதான்.

வந்த ஆள் சீருடை, அடையாள அட்டை, பெரிய பை என்று பக்காவாக இருந்தார். கதவைத் திறந்ததும் இன்சுலின் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல இதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிட்டு வாங்க, வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த நிமிடமே நான் முழுதாக நம்பிவிட்டேன். மருந்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அம்மாவும் "நல்ல பையன்" என்று சொல்லி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு பின்பக்கம் குனிந்து பார்த்தார். குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் மோட்டார்தான் கம்ப்ரசர், அதன் மேல் என் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. "பார்த்தீங்களா, கேஸ் சுத்தமா போயிடுச்சு, அதான் இப்படிக் கொதிக்குது. இப்படியே ஓட்டினா கம்ப்ரசரும் போயிடும்" என்றார். ஓடுகிற கம்ப்ரசர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவது சாதாரணம் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொகையைச் சொன்னதும் நெஞ்சு திக்கென்றது. அரை மாதச் சம்பளம். "செயலி வழியா கட்டினா இன்னும் ஏறும் அக்கா, என்கிட்ட நேரா கொடுத்துடுங்க, வாரண்டி நான் பார்த்துக்கிறேன்" என்றார். கொடுத்தேன். நெருப்பு வேலை, பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று எங்களை உள்ளே அனுப்பிவிட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பையைக் கட்டிவிட்டார். கிளம்பும்போது, "கேஸ் செட் ஆகணும். நாளைக்குக் காலை வரைக்கும் பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து வச்சிடுங்க" என்றார்.

மறுநாள் ஃபிரிட்ஜ் ஜில்லென்று ஓடியது. இன்சுலினைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தோம். நானே அந்த ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

ஒன்பதாவது நாள் மறுபடியும் அதே கதை. கீழே வெதுவெதுப்பு, மேலே ஐஸ். இந்த முறை கவனிக்க ஒரு நாள் தாமதமாகிவிட்டது. இன்சுலின் கெட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே! டாக்டரிடம் கேட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம்.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல் முறை எடுத்து, "வெளியே இருக்கேன் அக்கா, சாயந்திரம் வரேன்" என்றார். சாயந்திரம் எடுக்கவில்லை. மறுநாள் முதல் என் எண் போகவே இல்லை. செயலியில் புகார் போட்டேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். பதில் என்ன வந்தது தெரியுமா? "எங்கள் பதிவின்படி உங்கள் வீட்டில் பரிசோதனை மட்டுமே நடந்துள்ளது, கேஸ் நிரப்பியதாகப் பதிவு இல்லை." நேரடியாகப் பணம் வாங்கியதைச் சொன்னால், அப்படிக் கொடுக்கக் கூடாது என்று விதிமுறையிலேயே இருக்கிறதாம். ரசீது கேட்டார்கள். அந்த ஆள் கொடுத்த துண்டுச் சீட்டில் "சர்வீஸ்" என்ற ஒரு வார்த்தையும் தொகையும் மட்டும்தான். எந்தக் கேஸ், எத்தனை கிராம், எதுவும் இல்லை. அதைப் படம் எடுத்து அனுப்பினேன், இது எங்கள் ரசீது இல்லை என்றார்கள். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். பாட்டுப் போட்டு இருபது நிமிடம் காக்க வைத்து இணைப்பைத் துண்டித்தார்கள். மூன்று முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் புதிய குரல், நானும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

கடைசியில் "நல்லெண்ணத்தில்" வேறு ஒருவரை அனுப்பினார்கள். அவர் எதையும் கழற்றவே இல்லை. நின்றபடியே, "கம்ப்ரசர் மாத்தணும்" என்றார். இன்னொரு அரை மாதச் சம்பளம். நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்று அலுவலகத் தோழி ஒருவர் சொல்லி, முப்பது வருடமாக இதே வேலை செய்யும் ஒரு பெரியவர் வந்தார். கேட்ட முதல் கேள்வியே, "மேலே ஐஸ் கட்டுதாம்மா?" என்பதுதான். கட்டுகிறது என்றேன். "அப்போ கேஸ் சுத்தமா போகலை" என்று சொல்லிவிட்டு, ஃப்ரீஸரைக் காலி செய்து, உள்ளே பின்சுவரில் இருக்கும் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினார். பின்னால் இருந்த காயிலே, அதாவது குளிர வைக்கும் குழாய்ச் சுருளே, கண்ணுக்குத் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று பனிச் சுவர். ஃபேன் காற்றை அந்தக் காயில் வழியாக இழுத்துத்தான் கீழே அனுப்புமாம். வழி முழுக்க அடைத்துக்கொண்டதால் மேலே குளிர், கீழே ஒன்றுமில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் ஓடி அந்தப் பனியைக் கரைக்க வேண்டும். அந்த ஹீட்டர் லைனில், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. அவ்வளவுதான். விரல் அளவு ஒரு பொருள். மாற்றுவதற்கு அவர் வாங்கியது நான் முதலில் இழந்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஆரம்பத்தில் கொஞ்சம் பனி பிடித்து மீதி வெறுமையாக இருக்கும், இப்படி முழுக்க மூடாது என்றும் காட்டிச் சொன்னார்.

பிறகு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு டார்ச் அடித்தார். கம்ப்ரசரிலிருந்து ஒரு சின்னச் செம்புக் குழாய் துருத்திக்கொண்டு நிற்கிறது. கேஸ் ஏற்றுவது அது வழியாகத்தான். ஏற்ற வேண்டுமென்றால் அதை வெட்டி வால்வு பற்ற வைக்க வேண்டும், இல்லையென்றால் துளைத்து வால்வு மாட்ட வேண்டும். எங்கள் குழாயின் நுனி கம்பெனியில் நசுக்கி மூடியது மூடியபடியே இருந்தது. கருப்புப் பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. அதன் மேல் வருடக்கணக்கான தூசி, சிலந்தி வலையோடு. நான் விரலால் தொட்டேன், தொட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதாவது அந்த ஆள் ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை. உஸ்ஸென்ற சத்தம் சும்மா டப்பாவிலிருந்து வெளியே விட்டது. அப்படியானால் ஒன்பது நாள் எப்படி ஓடியது? இரவெல்லாம் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைத்தோமே, அதில் பனி கரைந்து வழி திறந்துகொண்டது. ஃபிரிட்ஜைச் சரி செய்தது நாங்கள்தான். என்ன கோளாறு என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, அரை மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அம்மா கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எல்லாக் கோளாறையும் எழுதலாம் என்று நினைத்தேன், மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம். கசிவு எங்கே என்று காட்டாமல், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போடாமல் ஏற்றுகிறேன் என்றால் விடாதீர்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ், தெரியாதவர் கையில் கொடுக்கவே கூடாது. மேலே ஐஸ் கட்டி, கீழே மட்டும் குளிரவில்லை என்றால் முதலில் ஒருநாள் ஆஃப் செய்து கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். சரியாகி, சில நாளில் மறுபடி வந்தால் பெரும்பாலும் பனி கரைக்கும் பகுதியில்தான் பழுது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைப் பாருங்கள். செயலியில் ஆள் கூப்பிட்டால் பணம் செயலியிலேயே கட்டுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

வீட்டில் இன்சுலின் இருந்தால் உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வையுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நேற்று இரவே நான் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். இப்போது 4 காட்டுகிறது.