சுங்கை சிப்புட் பித்தளை சாமான் கடையில 'நாகப் புத்தர்' வாங்கினேன், அவரு புத்தர் இல்ல

தீபாவளிக்கு குத்துவிளக்கு வாங்கத்தான் பசாருக்குப் பின்னாடி இருக்கற அந்த சாமி சாமான் கடைக்குப் போனேன். மேல் தட்டுல சொம்பு, மணி எல்லாத்துக்கும் நடுவுல ஒரு முழம் உயரத்துல ஒரு சிலை, சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, தலைக்கு மேல ஏழு பாம்புத் தலை விரிஞ்சி நிக்குது, பக்கத்துல 'நாகப் புத்தர் 480 வெள்ளி'ன்னு அட்டை. இங்க மலேசியாவுல சயாம் (தாய்லாந்து) கோயில்ல நாகத்தோட புத்தரைப் பாத்துப் பழகினவங்க அப்படித்தான் நெனப்பாங்க.

ஆனா நாகத்தோட வர்ற புத்தர் பொதுவா பாம்புச் சுருள் மேலயே உக்காந்திருப்பாரு, தோள்ல துவராடை தெரியும். இவருக்கு மேல துணியே இல்ல, சுருள் முதுகுக்குப் பின்னாடி போகுது, கீழ சிங்கம் தாங்கற ஆசனம், நெஞ்சு நடுவுல சின்னதா வைரம் மாதிரி ஒரு குறி, அதுதான் ஸ்ரீவத்சம்ங்கற சமண மங்கலக் குறி. ஏழு தலை நாகமும் சேந்தா சமணத்தோட 23வது தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டின பெரிய குரு, பார்சுவநாதர்தான். அவரு தியானத்துல இருந்தப்ப பழைய பகையில ஒருத்தன் மழையும் பாறையுமா கொட்டறான், தரணேந்திரன்ங்கற நாகராஜன் வந்து படத்தை விரிச்சி காப்பாத்தறான். அடிச்சவன் மேல கோவமும் இல்ல, காத்தவன் மேல பாசமும் இல்ல, ரெண்டு பேரும் அவருக்கு ஒண்ணுதான். அந்த முகத்தை வார்த்தவரு அப்படியே கொண்டு வந்திருக்காரு, நான் தட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னுட்டேன்.

கடைக்கார அண்ணன் வந்து, "டீச்சர், பீடத்துல நவக்கிரகம் இருக்கு, ஒரு தலை விட்டுப் போச்சு, எட்டுதான் இருக்கு, 40 வெள்ளி கொறச்சிக்கிறேன்"னாரு. அவரா வந்து சொன்னாரு பாருங்க, அந்த நேர்மைக்கே இந்தக் கடைக்குப் போகலாம். ஆனா அது குறையே இல்லண்ணே, பழைய மேற்கிந்திய சமண வெண்கலத்துல கேதுவை விட்டுட்டு எட்டு கிரகம் வைக்கறது உண்டுன்னு சொன்னேன். குஜராத்ல பரோடா பக்கத்துல அகோட்டாவுல 1951ல ஒரே புதையலா 68 சமண வெண்கலம் கிடைச்சுது, இந்தச் சிலை அந்த மாதிரி பாத்து செஞ்சதுதான். பீடத்துக்கு ஒரு பக்கம் பணப்பை வெச்ச தொந்தி யட்சன் (காவல் தெய்வம்), இன்னொரு பக்கம் மடியில குழந்தையும் கையில மாங்கா கொத்துமா அம்பிகைங்கற சமண இயக்கி (பெண் காவல் தெய்வம்), நடுவுல தர்மசக்கரம், ரெண்டு மான். பிற்காலத்துல பார்சுவருக்குன்னு தரணேந்திரனும் பத்மாவதியும் ஜோடியா வந்துட்டாங்க, ஆரம்ப காலத்துல எந்த தீர்த்தங்கரருக்கும் இந்த யட்சன், அம்பிகை ஜோடியைத்தான் வெச்சாங்க. செஞ்ச ஆளு விஷயம் தெரிஞ்சவரு. அம்பிகையைப் பாத்ததும் எங்க தோட்டத்துல பாட்டி கும்பிட்ட இசக்கி ஞாபகம் வந்துச்சு, இயக்கிங்கற பேருதான் இசக்கி ஆச்சுன்னு சொல்லுவாங்க, கண்ணு கலங்கிடுச்சு.

குறைன்னா ரெண்டு இருக்கு. அகோட்டா சிலைங்கள்ல கண்ணுக்கு வெள்ளி உலோகம் பதிச்சிருப்பாங்க, இதுல வெள்ளை பெயிண்ட், அது மனசுக்கு ஒத்துக்கல, வீட்டுக்கு வந்ததும் மெதுவா சுரண்டி எடுத்துட்டேன். இன்னொண்ணு பாலிஷ். மெழுகுல செதுக்கி, மண் பூசி, சூடு பண்ணி மெழுகை உருக்கி விட்டு, அந்த இடத்துல உலோகத்தை ஊத்தி எடுக்கறது எவ்ளோ பெரிய வேலை, அப்படி வந்த நுணுக்கத்தை பளபளன்னு தேய்ச்சே குழந்தை முகத்தை மழுக்கிட்டாங்க. இருக்கற மத்த சிலைங்களையாவது தேய்க்காம விடுங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்தேன்.

440க்கு கொடுத்தாரு, அரிசி சாக்குல சுத்தி காருக்கு அவரே தூக்கிட்டு வந்து வெச்சாரு. போன வாரம் மறுபடி போனப்ப இதே மாதிரி இன்னொண்ணு வந்திருந்துச்சு, அட்டையில 'பார்சுவநாதர், சமணம்'னு எழுதி வெச்சிருந்தாரு. முக்குடைக்கு (மூணு அடுக்கு குடைக்கு) கீழ நிக்கற அருகன், அதாவது தீர்த்தங்கரர் சிலை கும்பகோணத்துல கிடைக்குமான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன், 100 வெள்ளி முன்பணமும் கொடுத்தாச்சு.