பிளவு வாயுவை அளக்க எது மேல்: துளையிடலா, அழுத்தமானியா, ஓடும் ஹீலியமா?

அணு உலை எரிபொருள் குளிகைக்குள் அணுக்கள் பிளக்கும்போது பிறக்கும் செனானும் கிரிப்டானும்தான் பிளவு வாயு. அவை வெளியேறினால், குளிகைகளை அடுக்கி உலோக உறையால் மூடிய கோலுக்குள் அழுத்தம் ஏறும். குளிகைக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஹீலியத்தோடு கலந்து வெப்பக் கடத்தலையும் கெடுக்கும். அதனால்தான் எரிபொருளை உலையில் வைத்துப் பார்க்கும் கதிர்வீச்சுச் சோதனைகளில் இந்த அளவீட்டுக்கு இத்தனை மெனக்கெடல்.

சோதனை முடிந்தபின் கதிர்காப்பு அறையில் உறையைத் துளைத்து, வாயுவைப் பிடித்து நிறைநிறமாலைமானியில் (அணுக்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) பார்ப்பது பழைய வழி. மொத்தக் கணக்கில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதிரியக்கமற்ற செனான்கூடக் கணக்கில் வரும். குளிகையின் விளிம்பில் புளூட்டோனியம் அதிகம் சேரும்; அது பிளந்தால் கிரிப்டான் குறைவாக வரும் என்பதால், செனான்-கிரிப்டான் விகிதமே வாயு குளிகையின் விளிம்பிலிருந்து வந்ததா என்று துப்புக் கொடுக்கும். ஆனால் எப்போது வெளியேறியது? அதற்குப் பதில் கிடைக்காது.

துளைக்காமலே, கோலின் மேல்பகுதியில் கிரிப்டான்-85 விடும் 514 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாவை எண்ணலாம். நூறு சிதைவில் ஒன்றுக்கும் குறைவாகவே அந்தக் காமா வரும். கிட்டத்தட்ட அதே ஆற்றலில், ருத்தேனியம்-106 சிதைந்து பிறக்கும் ரோடியத்தின் காமாவும் வந்து குழப்பும். பொறுமை வேண்டும்.

'எப்போது' என்பதுதான் கேள்வி என்றால் அழுத்தமானி. 2018இல் மூடப்பட்ட நார்வேயின் ஹால்டன் உலை இதில் பேர்போனது. வாயு கசியும் கட்டத்தை உலை ஓடும்போதே காட்டும். ஆனால் வெப்பநிலை மாறினாலும் குளிகை வீங்கினாலும் அழுத்தம் மாறும். அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். எந்த வாயு என்பதையும் அது சொல்லாது.

என் ஓட்டு ஓடும் ஹீலியத்துக்கு. எரிபொருளைத் தாண்டி ஓடும் வாயுவைக் காமா கருவிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஐசோடோப்பும் பிறந்ததில் எவ்வளவு வெளியேறியது என்று விகிதம் பார்ப்பார்கள். சுமார் 3 நிமிட அரை ஆயுள் கொண்ட கிரிப்டான்-89 முதல் 5 நாள் செனான்-133 வரை அந்த விகிதம் எப்படி மாறுகிறது என்பதே, வாயு ஊர்ந்து வந்ததா, உடைப்பில் பீறிட்டதா என்று காட்டிவிடும். அமெரிக்காவின் ஐடஹோவில் 2006 முதல் 2009 வரை நடந்த ஏஜிஆர்-1 என்ற எரிபொருள் சோதனையில் சுமார் 3,00,000 பூச்சுத் துகள்களை (வாயுவை அடைக்கும் பூச்சு கொண்ட நுண்ணிய எரிபொருள் மணிகள்) கண்காணித்தது இந்த வழிதான். ஒரு துகள் உடைந்தாலே எண்ணியில் திடீர்க் குதிப்பு தெரியும். ஒன்றுகூட உடையவில்லை. அழுத்தமானிக்கு இந்த நுட்பம் எட்டாது.

குறை இல்லாமல் இல்லை. ஓடும் வாயு செனானைத் துடைத்துக்கொண்டே போவதால், மூடிய கோலில் இடைவெளி கெட்டுச் சூடேறும் விளைவு இங்கே நடக்காது. மின்சாரம் தயாரிக்கும் அணு உலையின் கோலில் மொத்த வெளியீட்டு வரம்பை மதிப்பிட வேண்டியவர், அழுத்தமானியோடு ஓட்டி, கடைசியில் துளைத்துப் பார்ப்பதே சரி.