பம்ப் மாற்றியதாக பில், கழற்றியது ஒரு வயர்

ஆயில் பிரஷர் குறைந்ததைச் சொல்லும், எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போன கார், 17,400 ரூபாய் பில்லோடு வெளியே வந்தது. மூன்றாவது மாதம் இன்ஜினை இறக்க வேண்டியதாகிவிட்டது. ஒர்க்ஷாப் பெயர் இங்கே வேண்டாம். ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும். அதே வேலையை யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

வண்டி குளச்சல் பக்கத்தது. 1.3 லிட்டர் டீசல், லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. ஆரல்வாய்மொழி தாண்டி 80-ல் போகும்போது விளக்கு மினுக்கும். ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே இருக்காது. ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. "பம்ப் போச்சு அண்ணாச்சி, மாத்துனா சரியாயிரும்" என்றார்கள். காலையில் விட்ட வண்டியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தும்விட்டார்கள். விளக்கு எரியவில்லை. வண்டிக்காரருக்குத் திருப்தி.

சந்தேகம் வந்திருக்க வேண்டிய முதல் இடம் அந்த நேரக் கணக்குதான். இந்த மாதிரி இன்ஜின்களில் ஆயில் பம்ப் முன்பக்க டைமிங் கவரோடு சேர்ந்தே இருக்கும். அதை எடுக்க பெல்ட், கிராங்க் புல்லி, ஒரு பக்க மவுன்ட், அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சேம்பர், பிறகு கவர் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். திருப்பி மாட்டும்போது லீக் ஆகாமல் ஒட்டும் பசையான சீலன்ட் காயவும் நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் வேலை. மூன்று மணி நேரத்தில் முடிந்தது என்றால் அது நடக்கவே இல்லை. பின்னால் பார்த்தபோது கவர் போல்ட்டுகளின் தலையில் பழைய அழுக்கு கலையாமல் இருந்தது. சேம்பர் ஓரத்தில் புது சீலன்ட் ஒரு சொட்டுகூட இல்லை.

உண்மையில் செய்தது இவ்வளவுதான்: ஆயில் பிரஷரைப் பார்த்து விளக்கைப் போடுகிற பிரஷர் ஸ்விட்ச்சின் ஒற்றை வயரைக் கழற்றி, டேப் சுற்றி, ஹார்னஸ் என்கிற வயர்க் கட்டுக்குள் சொருகிவிட்டார்கள். பெரும்பாலான கார்களில் இந்த ஸ்விட்ச் பிரஷர் இல்லாதபோது வயரை இன்ஜின் பாடியோடு எர்த் செய்யும், விளக்கு எரியும். பிரஷர் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அளவு) தாண்டினால் தொடர்பு விட்டுப்போய் விளக்கு அணையும். வயரையே கழற்றிவிட்டால் எர்த் எப்போதும் கிடைக்காது. பிரஷர் பூஜ்ஜியமானாலும் விளக்கு வாயைத் திறக்காது.

இதைப் பிடிக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் விளக்கு எரிந்தாக வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் வயர் கழன்றிருக்கிறது, அல்லது ஸ்விட்ச் செத்திருக்கிறது, அல்லது பல்பு போயிருக்கிறது. கடலோர வண்டிகளில் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பிடித்து இப்படி ஆவதும் உண்டு. கேட்டால் அந்த ஒர்க்ஷாப்பும் அதைத்தான் சொல்லும். ஆனால் உப்பு டேப் சுற்றி வைக்காது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் முதலில் இதைப் பாருங்கள். சில புது மாடல்களில் ஸ்விட்ச் வேலை செய்யும் முறை வேறு, கம்ப்யூட்டர் வழியாக எச்சரிக்கை வரும். அவற்றுக்கு மேனுவலில் உள்ளதே கணக்கு.

விளக்கு செத்த நிலையில் அந்தக் கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அடியில் டக் டக் சத்தம் வந்த பிறகுதான் வேறொரு மெக்கானிக் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் 0.6 பார். 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 1.5 வரை போய், முள் துடித்துக்கொண்டே 0.4-க்கு இறங்கியது. பொதுவாக நல்ல இன்ஜினில் சூட்டில் ஐடிலிங்குக்கு 1 பார் அளவும், 3000-ல் 3 பாரும் அதற்கு மேலும் இருக்கும். சரியான எண் அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இந்த இரண்டு எண்ணுமே விஷயத்தைச் சொல்லிவிடும். பேரிங் தேய்ந்திருந்தால் சூட்டில் ஐடிலிங்கில் இறங்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறும். வேகத்தில் இறங்கி, நிறுத்தி வைத்தால் தேறுகிறது என்றால் பம்புக்கு ஆயில் வந்து சேரவில்லை, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னரில் அடைப்பு. கசடு உறிஞ்சப்பட்டு வலையில் ஒட்டும், இன்ஜின் நின்றால் கீழே விழும். முதல் நாள் வண்டிக்காரர் சொன்ன அறிகுறியே இதுதான். சேம்பரை இறக்கியபோது வலையில் கரிக்கசடும் சிலிக்கான் சீலன்ட் துணுக்குகளும். முன்பு ஒரு தடவை லீக்குக்காகச் சேம்பரை ஒட்டியவர்கள் 3 மி.மீ. தடிப்பில் ஒரு கோடு போடுவதற்குப் பதில் சந்தனம் மாதிரி அப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து வலைக்குப் போயிருக்கிறது.

அன்றைக்கே சேம்பரை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவி, ஆயிலும் பில்டரும் மாற்றியிருந்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது கனெக்டிங் ராட் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது; கிராங்கைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங், அதற்கேற்ற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங், இரண்டும் சேர்ந்தன. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து எஸ்டேட் ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு: கல்லில் சேம்பர் அடிபட்டு உள்ளே ஒடுங்கினால் ஸ்ட்ரெய்னருக்கும் தகட்டுக்கும் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி அடைந்துவிடும். அறிகுறி ஒன்றேதான்.

5டபிள்யூ-30 ஆயில் போட வேண்டிய வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றி விளக்கை அணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஊமையாக்கும் வேலைதான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரவே தாமதமாகும்.

விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் "மார்த்தாண்டம் பாலம் தாண்டிப் பார்ப்போம்" என்று நினைக்காதீர்கள். உடனே ஆப் செய்து, சமதரையில் ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாக இருந்தும் எரிந்தால் கயிறு கட்டித்தான் போக வேண்டும். ஒர்க்ஷாப்பில் கேஜ் மாட்டச் சொல்லி, சூட்டில் ஐடிலிங், 3000 இரண்டு எண்ணையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கேஜ் இல்லை என்று சொல்கிற இடத்தில் பம்ப் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

பில் இருந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915-க்குப் போன் செய்தாலும் புகாரைப் பதிவார்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அங்கே உதவும். இந்த வண்டிக்காரர் பழைய பம்ப் எங்கே என்று கேட்டதற்கு, "ஆக்கர்காரன் (பழைய இரும்பு வாங்குபவர்) காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்கள். வண்டியை விட்டதே அன்று காலை ஒன்பதரைக்கு.